கடையாகிவிட்ட பழைய பங்களாவின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

ஒரு காலத்தில் ஒரே குடும்பம் வாழ்ந்த மாளிகை இன்று துணிக்கடையாகவோ ஓட்டலாகவோ வங்கியாகவோ நிற்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நூலகத்துக்குப் போகிறார்கள். நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகச் சொல்வேன். சென்னையில் நெடுங்காலம் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு வீட்டைப் பற்றி ஊர் சொல்வதும் புத்தகம் சொல்வதும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வீட்டை விற்றவர், வாங்கியவர், அடமானம் வைத்தவர், வாடகைக்கு விட்டவர் எல்லோரும் கையெழுத்திட்டுச் சொன்னவை பத்திரத்தில்தான் இருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலோர் படிக்காமல் புரட்டிவிடும் பகுதி ஒன்று உண்டு: கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம், அதற்குள் வரும் செக்குபந்தி, அதாவது நாற்புற எல்லை விவரம். இந்த வழிகாட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் செய்ய வேண்டியவை சில.

முதல் வேலை, கட்டடத்தின் முன் நின்று முகவரியைச் சரியாக எழுதிக்கொள்வது. சென்னையில் கதவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண், புதிய எண் இரண்டும் பலகையில் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பலகையில் இல்லாவிட்டால் பக்கத்துக் கடைகளின் ரசீதுகளைப் பாருங்கள். பலரும் இன்றும் இரண்டு எண்களையும் அச்சடிக்கிறார்கள். தெருவின் பழைய பெயரும் வேண்டும். மவுண்ட் ரோடு அண்ணா சாலையானது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள வீட்டுக்கு எட்வர்டு எலியட்ஸ் ரோடு என்றும், டி.டி.கே. சாலைக்கு மவ்பரேஸ் ரோடு என்றும், அவ்வை சண்முகம் சாலைக்கு லாயிட்ஸ் ரோடு என்றும், எத்திராஜ் சாலைக்கு கமாண்டர் இன் சீஃப் ரோடு என்றும் பத்திரங்களில் இருக்கும். பழைய பெயர் தெரியாமல் பழைய அட்டவணையைப் புரட்டுவது வீண் அலைச்சல்.

தெருப்பெயரே சாட்சியாகவும் நிற்கும். எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குப் பக்கத்தில் போகும் சாலைக்குக் கிளப் ஹவுஸ் ரோடு என்று பெயர். மெட்ராஸ் கிளப் 1832-இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் அந்த வளாகத்தில்தான் இருந்தது. 1940-களின் இறுதியில் கிளப் இடம்பெயர, ராம்நாத் கோயங்காவின் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அங்கே வந்தது. எக்ஸ்பிரஸ் எஸ்டேட் என்ற பெயர் நிலைத்தது. 2010-இல் மால் திறக்கப்பட்டது. இன்று அங்கே போகிறவர் கண்ணில் கிளப்பின் தூண் ஒன்றுகூடப் படாது. சாலையின் பெயர் மட்டும் ஒரு காலத்தில் அது எங்கே இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் பங்களாவைச் சுற்றியுள்ள சந்துகளின் பெயர்களையும் இப்படி ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து கட்டடத்தைப் படியுங்கள். விளம்பரப் பலகைக்கும் கண்ணாடி முகப்புக்கும் பின்னால் போர்டிகோ ஒளிந்திருக்கும். குதிரை வண்டி வந்து நிற்கும் அளவுக்கு உயரமாக இருந்தால் அது மோட்டார் காருக்கு முந்தைய வீடு என்று கொள்ளலாம். பின்பக்கப் படிக்கட்டில் ஏறிக் கூரையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையா, இரும்பு உத்தரமா, கான்கிரீட்டா என்று பாருங்கள். ஒரே வீட்டில் மூன்றும் இருந்தால் அது மூன்று காலத்தில் வளர்ந்த வீடு. இரும்பு உத்தரத்தின் பக்கவாட்டில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் புடைத்திருக்கும். சுண்ணாம்பு பூசிய தூணைக் கையால் தடவிப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு பளிங்கைப் போலக் குளிர்ந்து வழுவழுப்பாக இருக்கும். மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்திருந்தாலும் உரிந்த இடத்தில் அது தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓட்டுக் கூரை இருந்தால் ஓட்டின் அடியில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற ஆண்டும் பதிந்திருப்பதைப் பார்த்து, வீடு 1865-இல் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பல பத்தாண்டுகள் கழித்து வார்த்த ஓட்டிலும் அதே ஆண்டுதான் இருக்கும். ஆண்டு பொறித்த எந்தப் பொருளையும் பார்த்தவுடன், அது பொருளின் ஆண்டா, நிறுவனத்தின் ஆண்டா என்று கேளுங்கள்.

இனி பத்திரங்கள்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், பார்க்கலாம். பொதுவாக 1975 முதல் உள்ள பதிவுகள் அதில் கிடைக்கும். சில அலுவலகங்களுக்கு இன்னும் முன்னேயும் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடிய வில்லங்கம் பெற வேண்டும். அலுவலக எல்லைகள் காலத்துக்குக் காலம் பிரிந்திருக்கின்றன. இன்று ஒரு அலுவலகத்தில் இருக்கும் தெரு அன்று வேறொன்றில் இருந்திருக்கும். எந்த ஆண்டு வரை எந்த அலுவலகம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘சொத்து உங்களுடையதா? இல்லையென்றால் ஏன் கேட்கிறீர்கள்?’ என்று கவுண்டரில் கேட்கலாம். தயங்க வேண்டாம். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் உரிய கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், நகல் பெறலாம். உயில்கள் பதியப்படும் 3-ஆம் புத்தகத்துக்கு விதி வேறு: எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல், இறந்த பிறகு பிறரும் கேட்கலாம். பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள், வேலை சுலபமாகும்.

வில்லங்கத்தில் வரும் ஒவ்வொரு வரியிலும் ஆவண எண், ஆண்டு, ஆவணத்தின் தன்மை இருக்கும். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், குத்தகை. மாளிகை கடையான கதைக்கு நீங்கள் முதலில் நகல் போட வேண்டியது கிரயம் அன்று, குத்தகை. பெரும்பாலான பங்களாக்கள் விற்கப்பட்டுக் கடையாகவில்லை. வாடகைக்கு விடப்பட்டுக் கடையாகி, பிறகுதான் விற்கப்பட்டன. முதல் வணிகக் குத்தகைப் பத்திரத்தில் எந்த அறை யாருக்கு, எந்தச் சுவரை இடிக்கலாம், தோட்டத்தில் வண்டி நிறுத்தலாமா, குடும்பம் மாடியில் தொடர்ந்து இருக்குமா என்பதெல்லாம் இருக்கும். சொந்தக்காரர்கள் மாடியில், கடை கீழே என்று சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்து ஓடிய வீடுகள் பல. அந்த இடைக்காலம் வேறெந்த ஆவணத்திலும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

ஆனால் பதினொரு மாத ஒப்பந்தங்கள் வில்லங்கத்தில் வருவதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம். அப்போது மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டை நாடுங்கள். குடியிருப்பு என்று இருந்த கட்டடம் எந்த அரையாண்டில் குடியிருப்பல்லாதது என்று மாறியது என்பது அதில் இருக்கும். அதுதான் வீடு கடையான தேதிக்கு நம்பத்தகுந்த சான்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில் இதைக் கேட்கலாம். வரித்தொகையோ உரிமையாளர் விவரமோ கேட்காதீர்கள். பயன்பாடு மாறிய ஆண்டை மட்டும் கேளுங்கள். குறுகிய கேள்விக்குப் பதில் வரும்.

இப்போது செக்குபந்திக்கு வருகிறேன். ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் கடைசியில் இந்த அமைப்பில் இருக்கும்: ‘இராயப்பேட்டையில், மேற்படி சாலையில், இன்ன நம்பர் உள்ள தோட்டமும் பங்களாவும். இதற்குச் செக்குபந்தி: வடக்கில் இன்னார் தோட்டம், தெற்கில் கவர்ன்மென்ட் ரோடு, கிழக்கில் இன்னாருடைய குதிரை லாயமும் காலி மனையும், மேற்கில் பொதுச் சந்து. இதற்குள்பட்ட பதினெட்டு கிரவுண்டு மனையும், அதிலுள்ள மெத்தைக் கட்டடமும், கிணறும், மாவடை மரவடை சகிதம்.’ சட்டத்துக்கு இது எல்லை. வரலாற்றுக்கு இது அந்த நாளின் தெருப்படம்.

அளவையைக் கவனியுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். முதல் பத்திரத்தில் காணிக் கணக்கில் இருந்த நிலம் அடுத்ததில் கிரவுண்டாகி, இன்றைய பத்திரத்தில் சதுர அடியாக நிற்கும். ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள பரப்பை ஒரே அளவைக்கு மாற்றி வரிசையாக எழுதுங்கள். தோட்டம் எப்போது மனைகளாகத் துண்டுபட்டது, எந்தத் தலைமுறையில் அதிகம் போனது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். மாவடை மரவடை என்று எழுதிய மரங்களில் மாமரமும் தென்னையும் எந்தப் பத்திரத்தோடு மறைகின்றன என்றும் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் பங்களாவின் பத்திரம் கிடைக்காவிட்டாலும் தேடல் நின்றுவிடாது. பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுங்கள். அந்த வீட்டின் எல்லையாக உங்கள் பங்களா எழுதப்பட்டிருக்கும். நாற்புறமும் நான்கு அண்டை வீடுகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் கைமாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் அன்றைய நிலையில் உங்கள் பங்களா ஒரு வரியில் பதிவாகியிருக்கும். ‘கிழக்கில் துரை குடியிருக்கும் பங்களா’ என்பது சில ஆண்டுகள் கழித்து ‘கிழக்கில் ஜமீன்தார் பங்களா’ ஆகும். பிறகு ‘கிழக்கில் பேங்க் கட்டடம்’ ஆகும். கைமாறிய ஆண்டுகளை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இராயப்பேட்டையில் ஒரு ஆயத்த ஆடைக் கடை. முன்பு அது பங்களா. பின்புறம் நீளமான, ஜன்னல் இல்லாத ஒரு கிடங்கு இருந்தது. பழைய சமையற்கட்டு என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். பங்களாவின் பத்திரங்களில் ‘அவுட்ஹவுஸ்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெற்கே ஒட்டியிருந்த சிறிய ஓட்டு வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்த்தபோது, ‘வடக்கில் மேற்படி பங்களாவைச் சேர்ந்த லாயம்’ என்று இருந்தது. திரும்பிப் போய்க் கிடங்கின் சுவரைப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், இடுப்புயரத்தில், சம இடைவெளியில் இரும்பு வளையங்கள் பதிந்திருந்தன. தரை வாசலை நோக்கிச் சரிந்து, நடுவில் கழுவுநீர் ஓட ஒரு கருங்கல் வாய்க்கால். கட்டியவர் சொல்லாததை அடுத்த வீட்டு அண்ணன் தம்பிகள் தங்கள் பாகத்தைப் பிரித்துக்கொண்டபோது சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்று கையில் கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே இத்தனை தூசியையும் தட்டலாம்.

பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கியதும், ஊரின் பெரிய நிகழ்வுகளோடு ஒட்டிப் பாருங்கள். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் விற்பவராக, திவாலானவர்களின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான அஃபிஷியல் அசைனி வந்தால், சொந்தக்காரர் திவாலானவர் என்று பொருள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் நகரமே காலியானது. அந்த ஆண்டுக் கிரயங்களில் விலை தாழ்ந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, நகரத்தில் மாளிகை வைத்திருந்த ஜமீன் குடும்பங்களின் வருமானம் வறண்டது. 1953 முதல் 1985 வரை, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் எஸ்டேட் வரி இருந்தது. பெரியவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் நடந்த விற்பனைகளில் அதன் நிழலைப் பார்க்கலாம். 1978-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-இல் நீக்கப்படும்வரை பெரிய தோட்டங்களை வைத்திருப்பதே தலைவலி. குடும்பம் நொடித்துப்போனதால்தான் விற்றார்கள் என்று ஊர் சொல்லும். பல வேளைகளில் சட்டம் மாறியது, வாரிசுகள் பெருகினார்கள், நிலவிலை ஏறியது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் மேல் பழி போடுவதற்கு முன் இந்த ஆண்டுகளைப் பாருங்கள்.

உயர் நீதிமன்றத்தையும் மறக்காதீர்கள். சென்னை நகரத்து உயில்கள் நெடுங்காலம் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, பெற வேண்டியவையாக இருந்தன. அந்தக் கட்டுகளில் இறந்தவரின் சொத்துப் பட்டியல் இருக்கும். பாக வழக்கு நடந்திருந்தால் இன்னும் நல்லது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நேரில் போய் அறை அறையாக எழுதிய அறிக்கையும் வரைபடமும் கிடைக்கக்கூடும். வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர் நகல் பெறத் தனி மனு வேண்டும். தெரிந்த வழக்கறிஞர் துணை தேவைப்படும்.

இதற்குப் பிறகுதான் நூலகமும் காப்பகமும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் பழைய அரசிதழ்களும் உள்ளன. ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்ற விவரத்தொகுப்பில் அன்றைய நிறுவனங்கள், அதிகாரிகள், குடியிருப்போர் விவரங்கள் உண்டு. பத்திரம் சொந்தக்காரரைச் சொல்லும். அந்த வீட்டில் உண்மையில் குடியிருந்த வாடகைக்காரரை இந்த விவரத்தொகுப்புதான் காட்டும். மெட்ராஸ் மெயில், தி இந்து ஆகியவற்றின் பழைய ‘வாடகைக்கு’ விளம்பரங்களையும் பாருங்கள். கையில் பெயரும் ஆண்டும் இருந்தால்தான் இவற்றில் தேட முடியும். அதனால்தான் இவற்றைப் பின்னால் வைத்தேன்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். பின்னி சாலையில் உள்ள கன்னிமாரா ஓட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் இருந்தது வணிகர் ஜான் பின்னியின் வீடு. 1854-இல் அது இம்பீரியல் ஓட்டல், 1886-இல் ஆல்பனி, 1890-இல் கன்னிமாரா. கடைசிப் பெயர் அப்போதைய ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயர். அதை வைத்து அவருடைய மாளிகை என்று எழுதினால் தவறு. முதல் சொந்தக்காரரின் பெயர் வாசலில் இல்லை, சாலையில் இருக்கிறது. பெயர் இடம்விட்டு இடம் போவதும் உண்டு. இராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான உட்லண்ட்ஸ் என்ற மாளிகையை 1930-களின் இறுதியில் குத்தகைக்கு எடுத்து கே. கிருஷ்ணராவ் ஓட்டல் தொடங்கினார். பிறகு எட்வர்டு எலியட்ஸ் ரோட்டில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. கதீட்ரல் சாலையில் 1962-இல் டிரைவ்-இன் வந்தது, 2008-இல் மூடப்பட்டது. இன்று பல ஊர்களில் உட்லண்ட்ஸ் என்ற பெயரில் தோசை சாப்பிடுகிறவர்கள் ஒரு ராஜாவின் வீட்டுப் பெயரைச் சொல்கிறார்கள்.

மனிதர்களிடம் எப்படிப் பேசுவது? சொந்தக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே ‘பத்திரத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்காதீர்கள். தரகரோ வழக்குப் போட வந்தவரோ என்று பயந்துவிடுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. பழைய சொத்துகளைச் சுற்றி அப்படிப்பட்டவர்கள் நிறைய. ‘அம்மா, இந்த வீட்டில் நீங்கள் சின்ன வயதில் இருந்தீர்களாமே, ஊஞ்சல் எங்கே இருந்தது?’ என்று கேளுங்கள். கல்யாணப் புகைப்படம் கேளுங்கள். பந்தலுக்குப் பின்னால் பழைய முகப்பு முழுதாகத் தெரியும். காவலாளியையும் மின்வேலை செய்யும் அண்ணனையும் விடாதீர்கள். பொய்க்கூரைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் அவர்கள்தான்.

எழுதும்போது பத்திரத்தில் உள்ளதை ஆவண எண், ஆண்டு, அலுவலகத்தின் பெயரோடு தனியாகவும், வாய்வழிச் செய்தியை ‘என்று குடும்பத்தார் சொல்கிறார்கள்’ என்று தனியாகவும் எழுதுங்கள். இன்று வாழ்கிறவர்களின் பெயர், பங்கு, விலை எதையும் வெளியிட வேண்டாம். அவர்கள் காட்டிய பத்திரத்தின் படத்தையும் போட வேண்டாம். முடிந்ததும் அச்செடுத்து, ஒரு பிரதியைக் குடும்பத்துக்கும் ஒன்றை இப்போது கடை நடத்துகிறவருக்கும் கொடுங்கள். கடைக்காரருக்கான பிரதியில் எந்தத் தூண், எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவு மூலக் கட்டடத்தைச் சேர்ந்தது என்று தரைப்படத்தில் குறித்துக் கொடுங்கள். அடுத்த முறை உள் அலங்காரத்தை மாற்றும்போது ஒப்பந்தக்காரரின் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.